பாதியில் திரும்பிய கேரவன்

விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்த ஓட்டுநரில்லாத கேரவன், வால்பாறை மலைப்பாதையில் பாதி ஏறியதும் தானாகவே திரும்பிக் கீழே இறங்கத் தொடங்கியது.

“பயணி ஒருவருக்கு உடனே சிகிச்சை தேவை. மருத்துவமனைக்குப் போகிறோம்” என்றது.

“யாருக்கு?” என்று பதறினாள் கோதை.

“அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.”

“எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்றான் கணவன் சேந்தன்.

பின்கட்டிலில் மகள் நிலானி தூங்கிக்கொண்டிருந்தாள். கோதை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எழுப்பி, “எங்கயாவது வலிக்குதாடா கண்ணு?” என்றாள். குழந்தை மிரண்டு அழுதது. மலை இறங்கும்வரை அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டே வந்தாள்.

மருத்துவமனை வாசலில் கேரவனின் கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரோடு வந்த செவிலியர் குழந்தையை வாங்கிச் சேந்தனிடம் கொடுத்தார்.

“நீங்க படுங்கம்மா.”

“நானா?” என்று கேட்ட கோதை, “அப்பாடா” என்றபடி படுத்துக்கொண்டாள்.