நாலு மணி வரைக்கும்

அழுக்குத் துண்டுக் கூடைகளுக்குப் பின்னால் நூற்றுப் பத்துக் கிலோ ஆள் ஒளிந்துகொள்வது லேசுப்பட்ட காரியமா? வெண்டல் முழங்கால் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு குந்தியிருந்தான். சலவை அறைக்கு வெளியே ஜெர்ரியின் பூட்ஸ் சத்தம் நெருங்கியது.

"வெண்டல்! டேய் வெண்டல்! எங்கடா போய்த் தொலைஞ்ச?"

ஜெர்ரிக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருந்த பெயர் எமன். வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசியில், அணியிலிருந்து ஆட்களைக் கழிக்கிற நாளில், அவர் வந்து "கோச் கூப்பிடறார், டேப்லெட்டையும் எடுத்துட்டு வா" என்று சொன்னால் கதை முடிந்தது. ஆட்டத் திட்டமெல்லாம் அந்த டேப்லெட்டில்தான் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்தவன் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

காலையிலிருந்தே வெண்டலுக்கு எல்லார் மேலும் சந்தேகம். சாப்பாட்டுக் கூடத்தில் முட்டை பரிமாறுகிற அம்மாள் கேட்காமலே ரெண்டு அதிகம் போட்டாள். தினமும் அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டுகிற கோச், இன்றைக்குப் பார்த்து "குட் மார்னிங்" என்றார். அவன் இடத்துக்குக் குறி வைத்திருக்கிற புதுப் பயல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "நீங்க முன்னாடி போங்க" என்றான். என்ன இதெல்லாம், கடைசி மரியாதையா?

ஒன்பது வருஷமாக அமெரிக்கக் கால்பந்தில் லைன்பேக்கர். பந்தோடு ஓடி வருகிறவனை எதிரே போய் முட்டிச் சாய்க்கிற வேலை. முழங்கால் ஏற்கெனவே கத்தி பார்த்துவிட்டது. மகள் ஓப்பலுக்கு இப்போதுதான் நாலு வயசு, டி.வி.யில் ஹெல்மெட் போட்டவன் எல்லாருமே அவளுக்கு அப்பாதான். அத்தனை பேரில் தன் அப்பா யார் என்று அவள் கண்டுபிடிக்கிற வரைக்கும் ஆடிவிட வேண்டும். இன்னும் ஒரே ஒரு வருஷம். அவ்வளவுதான் அவன் கேட்டது.

ஒளிந்துகொண்டால் தலையெழுத்து மாறிவிடாது என்று தெரியாதவனில்லை. மனசு கேட்டால்தானே? ஆட்களைக் கழிக்கிற கெடு இன்றைக்கு நாலு மணியோடு முடிகிறது. அதுவரைக்கும் எமன் கண்ணில் படாமல் இருந்தால் போதும்.

"அவர் போயிட்டார். வெளிய வாங்க" என்றது ஒரு குரல்.

அணியின் பனியன் போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயசிருக்கும். பனியனில் கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை.

"நீ யாரு? எமன் அனுப்பின ஒற்றனா?"

"ஐயோ, அவர் என்னை அனுப்பல. என் பேரு மேவிஸ். இன்னைக்குத்தான் வேலைக்கு முதல் நாள். நீங்க ஐம்பத்தி ரெண்டாம் நம்பர் வெண்டல்தானே?"

புதுசாக வந்தவளுக்கே தன்னைத் தெரிந்திருக்கிறது என்பதில் அவனுக்கு ஒரு சின்னச் சந்தோஷம். "யார்கிட்டயும் சொல்லிடாத, தாயே" என்றான்.

அவள் தலையாட்டிவிட்டுப் பையிலிருந்து வான்கோழி சாண்ட்விச் ஒன்றை எடுத்து நீட்டினாள். "முகத்தப் பாத்தாலே பட்டினின்னு தெரியுது. முதல்ல சாப்பிடுங்க."

"இதுல மருந்து கிருந்து கலந்திருக்கா?"

"சந்தேகமா இருந்தா பாதி நான் தின்னு காட்டறேன்."

அவன் சிரித்துவிட்டான். வாங்கிச் சாப்பிட்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து துண்டுகளை எடுத்து மடித்து வைக்க ஆரம்பித்தாள். இங்கே துண்டைச் சுருட்டித்தான் அடுக்குவார்கள். அவள் நாலாக மடித்தாள். பாவம், புதுசு என்று அவன் சும்மா இருந்துவிட்டான்.

அதற்குள் கதவு படாரென்று திறந்தது. ஜெர்ரி! கக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டி.

வெண்டல் வாயில் சாண்ட்விச்சோடு கத்தினான். "பெட்டி எதுக்கு? என் சாமான அள்ளறதுக்கா? கொஞ்சம்கூட ஈவிரக்கம் இல்லையாய்யா உனக்கு?"

"என் சாமான்டா இது! காலைல என்னைக் கழிச்சுட்டாங்க. வயசாயிடுச்சாம்." ஜெர்ரி பெட்டியைக் கீழே வைத்தார். "எத்தனை பேர அனுப்பியிருக்கேன்! ஒரு பய எனக்குக் கை கொடுத்ததில்ல. நீ ஒருத்தன்தான் 'எப்படி இருக்கே ஜெர்ரி'ன்னு கேப்ப. சொல்லிட்டுப் போலாம்னு காலைலேர்ந்து தேடறேன், நீ என்னடான்னா அழுக்குத் துணிக்குள்ள பூந்துக்கற!"

வெண்டல் எழுந்துபோய் அந்த மனிதரை இறுகக் கட்டிக்கொண்டான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எமனுக்கே வேலை போய்விட்டது!

"மன்னிச்சுடுய்யா ஜெர்ரி. ஓப்பல் பிறந்தநாளுக்கு நீ கண்டிப்பா வீட்டுக்கு வரணும்."

"வரேன்டா." ஜெர்ரி கிளம்பும்போது மேவிஸைப் பார்த்தார். "நிதானமா பண்ணும்மா. முதல் நாள் அப்படித்தான் கஷ்டமா இருக்கும்" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

துண்டு மடிக்கிறதில் என்ன கஷ்டம் என்று வெண்டலுக்குச் சிரிப்பு வந்தது. காலை நீட்டிக்கொண்டு மீதி சாண்ட்விச்சை நிதானமாக ருசித்துத் தின்றான். சுவர்க் கடிகாரம் நாலை நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசி வாயையும் விழுங்கிவிட்டுக் கையைத் தட்டினான்.

"நல்லா இருந்துச்சு, மேவிஸ். நீ சாப்பாட்டுக் கூடத்துக்கே போயிடலாம்."

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த துண்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"கோச் கூப்பிடறார், வெண்டல். டேப்லெட்டையும் எடுத்துட்டு வாங்க."