மா சான் அண்ட் கம்பெனி

“உள்ள வாம்மா. கூடத்துல எல போட்டிருக்கு.”

மாட்டுக்கொட்டகை ஓரத்தில் அலுமினியத் தட்டோடு உட்கார்ந்திருந்த பர்மாக்காரிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. கூப்பிட்டது மாமியார் வள்ளிநாயகி. ஆறு வருஷமாக அவளைக் கொல்லைக் கதவுக்கு இந்தப் பக்கமே நிறுத்தி வைத்திருந்த அதே வள்ளிநாயகிதான். தண்ணீர் கேட்டால்கூட மேலே இருந்துதான் ஊற்றுவாள். இவள் கையேந்திக் குடிக்க வேண்டும்.

யுத்தத்தில் ரங்கூன் மேல் குண்டு விழுந்தபோது இளைய மகன் எல்லப்பன் காடு மலை தாண்டி, நடந்தே திருத்தணி வந்து சேர்ந்தான். கூடவே ஒருத்தியையும் கூட்டி வந்தான். பேர் மா சான், பர்மாக்காரி, அங்கே கட்டட வேலைக்குக் கலவை சுமந்தவள், தாலி கட்டிவிட்டேன் என்றான்.

பர்மாக்காரி என்றால் எப்படி இருப்பாள் என்று திருத்தணியில் யார் கண்டார்கள்? நிறம் நம் நிறமாகத்தான் இருந்தது. அங்கேயும் வெயில் ஜாஸ்தி போல என்று பேசி முடித்துவிட்டார்கள். தமிழும் அவளுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. என் மருமகளுக்கு நான்தான் பேசக் கற்றுக் கொடுத்தேன் என்று வள்ளிநாயகி அந்தப் பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

மூத்தவன் வரதராஜன் மலையடிவாரத்தில் சத்திரங்கள் கட்டும் காண்ட்ராக்டர். ரங்கூன் இடிந்து கிடக்கிறது, கட்ட ஆளில்லை, அங்கே ஒரு கட்டடக் கம்பெனி போட்டால் நாம் எங்கேயோ போய்விடலாம் என்று அவனுக்கு ஒரு வருஷமாகத் தூக்கமில்லை. கண்டிகைக் கழனியை விற்றுக் கலவை மிஷினுக்கும் சிமெண்டுக்கும் கட்டிவிட்டான்.

அதற்கப்புறம்தான் ரங்கூன் வக்கீல் ஆள் மூலம் சொல்லியனுப்பினார். பர்மா இப்போது சுதந்திர நாடு. வெளிநாட்டான் முதல் போடலாம். ஆனால் அந்த மண்ணில் பிறந்த ஒருவர் கூட்டாளியாக இல்லாவிட்டால் கம்பெனி நடக்காது.

அப்போதுதான் கொட்டகையில் ஒருத்தி இருப்பது வரதராஜனுக்கு ஞாபகம் வந்தது.

அவள் உள்ளே வந்தாள். ஆனால் இலை முன்னால் உட்காரவில்லை.

“இன்னாம்மா நிக்கிறே? போர்டுல உன் பேருதான் மொதல்ல. மா சான் அண்ட் கம்பெனி. போதுமா?” என்றான் வரதராஜன்.

“பேரு கெடக்கட்டும் பாவா. எனக்கு நீங்க யாரும் சோறு போட வேணாம். நான் ஆக்கிப் போடறேன். உங்க சமையல்கட்டுல, உங்க பானைல. எல்லாரும் துன்னுங்க. அப்பறமா கையெழுத்து கேளுங்க.”

எல்லப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. “வேணாம். சொன்னா கேளு,” என்று அவளருகில் வந்து முணுமுணுத்தான்.

“ஆறு வருசமா நீ சொன்னதத்தான கேட்டுகினு இருந்தேன்,” என்றாள் அவள். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

வள்ளிநாயகி மூத்தவனைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். “அதெப்படி நைனா? அவ கையாலயா?”

வரதராஜன் ஒரு நிமிஷம்தான் யோசித்தான். போன கழனி திரும்பி வரப்போவதில்லை. “அவ வேற தேசம்மா. வேற தேசத்துக்காரிக்கு ஜாதி ஏது, தீட்டு ஏது? மெட்ராசு போனா நான் எங்கெங்க துன்றேன், உன்கிட்ட சொல்லிகினா இருக்கேன்? வழிய வுடு.”

வள்ளிநாயகி வழியை விட்டாள். வேறு என்ன செய்வாள், மகன் தெருவுக்கு வந்துவிடக் கூடாதே.

முதன்முறையாக அந்தச் சமையல்கட்டில் நுழைந்தவள் அவசரப்படவில்லை. பானைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எடுத்தாள். கேழ்வரகுக் களி கிண்டினாள், கத்திரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வாசனை தெருமுனை வரைக்கும் போயிற்று.

வரதராஜன் மூன்று உருண்டை உள்ளே தள்ளினான். கண்ணை மூடிக்கொண்டு முதல் வாய் விழுங்கிய வள்ளிநாயகி, இரண்டாவது தரம் குழம்பு தானாகவே கேட்டு வாங்கினாள். எல்லப்பன் மட்டும் களியைப் பிசைந்துகொண்டே இருந்தான். செம்பில் தண்ணீர் மொண்டு அவளே எல்லோருக்கும் கொடுத்தாள், எல்லோரும் வாங்கிக் குடித்தார்கள். அதைப் பார்த்து அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

கை கழுவிவிட்டு வந்த வரதராஜன் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்தான். வாய் கொள்ளாத சிரிப்பு.

“சரிம்மா, வக்கீலுக்கு விவரம் அனுப்பணும். பொறந்த ஊரு இன்னா? ரங்கூனா, மாண்டலேயா?”

“எல்லாரும் வயிறாற துன்னீங்களா பாவா?”

“ஆங், ஆச்சு. சொல்லு.”

எல்லப்பன் மெல்ல எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தான்.

“ஒக்காரு. இனிமே எதுக்குப் பயப்படற?” என்று அவனை நிறுத்தினாள். அப்புறம் வரதராஜன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“இதோ, பக்கத்துல, நம்ம கனகம்மாசத்திரம் சேரி, பாவா.”