நூறு வருஷ ஆட்டம்

"சாமி, ஒரு ஆட்டம் போடலாமா?"

துவான் ஜீ கையிலிருந்த கஞ்சிச் சட்டியைக் கீழே போடாமல் இருந்ததே பெரிய காரியம். தாவோ நெறியில் தவம் இருக்கலாம் என்று இந்த மேகக்கல் மலைக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. கறுப்பும் வெள்ளையுமாகக் கல் வைத்து ஆடும் அந்தப் பலகையின் எதிரே இதுவரை ஒரு மனிதர்கூட வந்து உட்கார்ந்ததில்லை.

நின்றவன் ஒரு விறகுவெட்டி. தோளில் கோடாரி, நகக்கண்ணெல்லாம் மண். பெயர் ஃபெய் லியாங், கீழே ஆற்றோர ஊர் என்றான்.

"உனக்கு ஆடத் தெரியுமா?"

"சுமாரா ஆடுவேன் சாமி."

"பயமா இல்லையா? உங்க ஊர்ல என்னைப் பத்தி என்னென்னமோ சொல்றாங்களே?"

"சொல்றாங்க. உங்களுக்கு இருநூறு வயசாம். பனித்துளிதான் சாப்பாடாம். இந்தப் பலகை முன்னால ஒரு ஆட்டம் உக்காந்து எந்திரிச்சா, கீழ நூறு வருஷம் ஓடிடுமாம். கோடாரிக் காம்பு உளுத்து உதிர்ந்துடுமாம்."

"அப்படியும் வந்திருக்கே?"

"வந்துட்டேன்" என்றவன், கோடாரியைப் பக்கத்தில் சாத்திவிட்டு உட்கார்ந்தான்.

துவான் ஜீக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இந்தக் கதையைக் கட்டிவிட்டவன் சூ பாவ் என்று ஒரு புண்ணியவான். பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு மூன்று வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டுத் திரும்பினான். வாசலில் துடைப்பத்தோடு நின்றவளிடம், "மலைச் சாமி ஆடினதை ஒரே ஒரு ஆட்டம் பார்த்தேன். அதுக்குள்ள மூணு வருஷமாயிடுச்சு" என்று புளுகித் தப்பித்தான். ஊர் வாயில் மூன்று முப்பதாகி, முப்பது நூறாகிவிட்டது. பிறகு ஒருநாள் சூ பாவே வந்து, எட்ட நின்றபடி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். பக்கத்தில் வர அவனுக்கும் பயம்!

முதலில் துவான் ஜீக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. ஊர்க்காரர்கள் மாதம் ஒருமுறை பாறைமேல் தினை மூட்டையை வைத்துவிட்டு ஓடுவார்கள். "யாருப்பா அது, கொஞ்சம் நில்லு" என்று கூப்பிட்டால் இன்னும் வேகமாக ஓடுவார்கள். பேச ஆளில்லை. இரண்டு கையாலும் தானே ஆடி, தானே ஜெயித்து, தானே தோற்று, சில நாள் தன் மேலேயே கோபித்துக்கொண்டு பட்டினியாகப் படுத்ததும் உண்டு.

ஆட்டம் ஆரம்பித்தது. துவான் ஜீ ஓயாமல் பேசினார். மழை, குரங்குத் தொல்லை, பழுக்காத பேரிக்காய் என்று பன்னிரண்டு வருடத்துப் பேச்சையும் கொட்டினார்.

"பேச்சு சுவாரசியத்துல ரொம்ப நேரம் எடுத்துக்கறேனோ?"

"மெதுவாவே ஆடுங்க சாமி. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல."

நான்கைந்து கல் வைப்பதற்கு ஒரு தடவை ஃபெய் லியாங் கோடாரிக் காம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பாவம், உள்ளுக்குள் பயம்தான் என்று துவான் ஜீ நினைத்துக்கொண்டார். வேகவைத்த தினை அடை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவன் வாங்கி வைத்தானே தவிர, வாயில் வைக்கவில்லை.

வெயில் சாய்ந்தது. கீழே ஊர்க் கூரைகளில் அடுப்புப் புகை கிளம்பியது.

"உன் வீட்லயும் உலை வச்சிருப்பாங்க. தேட மாட்டாங்களா?"

"தேட மாட்டாங்க. நீங்க கல்லை வைங்க."

கடைசியில் இரண்டு கல் வித்தியாசத்தில் துவான் ஜீ தோற்றுப்போனார். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக இன்னொருவர் கையால் தோற்றிருக்கிறார். சந்தோஷத்தில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஃபெய் லியாங் எழுந்தான். கோடாரியைக் கையில் எடுத்துக்கொண்டான். கீழே ஊர்ப் பக்கம் பார்க்காமல் அப்படியே நின்றான்.

இவன் இப்படிப் பயந்துகொண்டு போனால் மறுபடி வரமாட்டான். நாளைக்கும் இவன் வரவேண்டும் என்றால் ஒரே வழிதான் இருக்கிறது. சாமி என்கிற பெயர் போனால் போகட்டும் என்று துவான் ஜீ முடிவு செய்தார்.

"பயப்படாதே தம்பி. நூறு வருஷமெல்லாம் சும்மா கட்டுக்கதை. எனக்கு அறுபத்தி மூணு வயசு. மழை வந்தா முழங்கால் வலிக்கும். பனித்துளியும் இல்ல, ஒண்ணும் இல்ல, நீங்க வைக்கிற தினையைத்தான் கஞ்சி காச்சிக் குடிக்கிறேன். நீ வந்து அரை நாள்தான் ஆகுது. வேணும்னா அந்தக் காம்பைத் தட்டிப் பாரு, கிண்ணுனு இருக்கும். காலையில நீ விட்டுட்டு வந்தது எல்லாம் விட்ட மாதிரியே இருக்கும். தைரியமா போ. நாளைக்கும் வா, என்ன?"

ஃபெய் லியாங் காம்பைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். அது உறுதியாகத்தான் இருந்தது. பலகை முன்னாலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"அப்போ எதுவுமே பழசாகலையா சாமி? காய்ச்சல்ல போன என் பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க... நேத்து என் கையால நான் மூடின மூணு குழியிலயும் மண்ணு ஈரம்கூட இன்னும் காஞ்சிருக்காதா?"