ஆறு வருடமாக ஓடும் பெட்டி

புது சர்வரைப் பிரித்து லினக்ஸ் ஏற்றியது நான். மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக அடைத்து ஓடவிடும் கன்டெய்னர் மென்பொருளை நிறுவியதும் நான். மேலாளர் தட்டிக்கொடுத்தது மட்டும் சுருட்டை என்று நான் கூப்பிடும் பக்கத்து மேஜைச் சுருள்முடிக்காரனின் முதுகில். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார். மூன்று மணியானால் அவனுக்குத் தன் கையாலேயே டீ கொண்டுவருவார். என் மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும். எனக்கு வயிறு எரியும்.

எந்தெந்தக் கன்டெய்னர்கள் ஓடுகின்றன என்று சர்வரைக் கேட்டேன். இன்னும் எதையும் ஓடவிடவில்லை, ஆனாலும் ஒன்று இருந்தது. ஆறு வருடமாக ஓடுவதாகக் காட்டியது. சர்வர் வந்ததே இன்று காலையில்தான்.

சுருட்டை சேர்ந்து ஆறு வருடம்.

"என்னடா, ஸ்கிரீனை அப்படி முறைக்கிற?" என்று சிரித்தான்.

"ஏதோ குப்பை ஓடுது. நிறுத்திடறேன்."

நிறுத்தினேன். சிரிப்பு பாதியில் நின்றது. திரும்பினால் அவன் மேஜையில் கம்ப்யூட்டர் இல்லை. தூசி படிந்திருந்தது.

மூன்று மணிக்கு மேலாளர் டீயோடு வந்தார்.

"சார், சுருட்டை எங்க?"

"யாருப்பா அது? அந்த சீட்ல யாரும் உக்காந்ததே இல்லையே."

சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். காலி மேஜையின் தூசியைக் கைக்குட்டையால் துடைத்து, டீயை வைத்து, ஆறிவிடாமல் இருக்க ஒரு தட்டால் மூடினார்.