ஒரு சொட்டுத் தண்ணீர்

வணக்கம். எல்லோரும் சௌக்கியம்தானே? மழை பிடித்துக்கொண்டது; சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? குளிப்பதென்றால் வெந்நீரில் குளியுங்கள். குளியல் என்றதும் எண்பத்தாறாம் வருடம் நாமக்கல்லில் நடந்த ஒரு கொலை ஞாபகம் வருகிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

லாரி வரி வசூலிக்கும் அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். சொந்தமில்லை; மெட்ராஸ் கம்பெனி ஒன்று வாடகைக்குக் கொடுத்தது. முதல் வருடம் மாதம் எட்டாயிரம் ரூபாய், மூன்றாம் வருடம் முப்பத்திரண்டாயிரம். வளர்கிற பிள்ளை அல்லவா, தீனி கூடத்தானே செய்யும்!

ஊரே வெயிலில் வெந்தாலும் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏ.சி. அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பீரோ உயரத்தில் சாம்பல் நிறப் பெட்டி. எந்நேரமும் உர்ரென்று ஒரு சத்தம். கன்னத்தில் போட்டுக்கொண்டு போன லாரி முதலாளிகளும் உண்டு.

அதற்குச் சாப்பாடு தயார் செய்வது கிளார்க் இன்பமேரியின் வேலை. ஒவ்வொரு லாரிக்கும் வரியைக் கணக்குப் போட்டு, கூட்டி, சரிபார்த்து, நீளத் தாளில் எழுதிக் கம்பெனி ஆள் கண்ணுசாமியிடம் கொடுப்பாள். அவன் ஏ.சி. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். இரண்டு நாள் கழித்து அதே கணக்கு அழகாக டைப் ஆகி வெளியே வரும்.

“என்ன மூளைங்க இதுக்கு! நான் போட்ட கூட்டல்ல ஒரு பைசா மாறல பாருங்க” என்று மாய்ந்து போவாள் இன்பமேரி.

வாடகை நாலு மடங்கானது எப்படியோ சட்டசபைக்கு எட்டிவிட்டது. செலவை ஆராயும் குழு நேரில் வருவதாகத் தந்தி வந்தது. கண்ணுசாமி உடனே ஏ.சி. அறைக் கதவில் ஒரு பலகை மாட்டினான்: ‘எச்சரிக்கை! ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கம்ப்யூட்டர் செத்துவிடும்.’

அதை எழுத்துக் கூட்டிப் படித்ததும் பியூன் நாச்சிமுத்து இன்பமேரியிடம் ஓடினான்.

லாரி கிளீனராக இருந்து இந்த வேலைக்கு வந்தவன் அவன். ஒன்பது வருடமாகத் தற்காலிகம்; நிரந்தர உத்தரவு அடுத்த மாதம் வர வேண்டும். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவாமல் பொட்டு வைக்கக் கூடாது என்பது பட்டறையில் ஊறிய பழக்கம். நாலு நாள் முன்னால்தான் ஆயுத பூஜை. விடிந்ததும் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஓஸ் குழாயை இழுத்து வந்து, கம்ப்யூட்டரைத் தலை முதல் கால் வரை குளிப்பாட்டி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்திருந்தான்.

“மேரியக்கா, கம்ப்யூட்டரக் கொன்னுபோட்டனுங்க” என்றான்.

“சத்தம் போடாத. உர்ருனு கேக்குதில்ல? உசிரு இருக்கும்” என்றாள் இன்பமேரி.

குழு வந்தது. தலைவர் எம்.எல்.ஏ. சென்னிமலை, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஓட்டி முன்னுக்கு வந்தவர். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“ஓடுற மெஷினு சுடோணுமேப்பா? இது மோர்ப்பானையாட்டச் சில்லுனு இருக்குது.”

“ஏ.சி.ங்க ஐயா” என்றான் கண்ணுசாமி.

“செரி, தொறந்து காட்டு.”

“தொறந்தா கேரண்டி போயிருமுங்க!”

“போனாப் போவுது. திருப்புளியக் கொண்டாரச் சொல்லு.”

திறந்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் கொட்டுமே என்று நினைத்த நாச்சிமுத்து, தடாலென்று சென்னிமலையின் காலில் விழுந்தான்.

“சாமி, நாந்தானுங்க கொன்னேன்! ஆயுத பூசைக்கு ஓஸு புடிச்சுக் கழுவிப்போட்டனுங்க!”

அதுவரை கறுத்துக் கிடந்த கண்ணுசாமியின் முகம் நூறு வாட்ஸ் பல்பாக எரிந்தது.

“பாத்தீங்களா! போன வாரம் வரைக்கும் தங்கமா ஓடுன மெஷினுங்க. இனி தொறந்து என்ன பண்ணறது? ஒன்பது லட்சம் போச்சுங்க. அரசாங்கந்தான் கம்பெனிக்குக் கட்டோணும். புதுசு ஒண்ணு நாளைக்கே கொண்டாந்து வெச்சர்றோம். வாடகைதான் கொஞ்சம் சேத்தி ஆவும்.”

குழுவினர் உச்சுக்கொட்டினார்கள். ‘ஊழியரின் அறியாமையால் அரசுக்கு நஷ்டம்’ என்று ஒருவர் எழுதவே தொடங்கிவிட்டார். போலீசுக்கு ஆள் போனது. நிரந்தரம் இருக்கட்டும், தற்காலிகமும் போயிற்றே என்று நாச்சிமுத்து தேம்பினான்.

“ஏப்பா, தண்ணி படக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?” என்று கேட்டார் சென்னிமலை.

“பலகையே இப்பத்தானுங்க மாட்டுனாங்க. மெஷினு வந்த மூணு வருசமா ஆயுத பூசைக்கு நாந்தானுங்க ஓஸு போட்டுக் கழுவறேன். ரெண்டு வருசம் ஒண்ணுமே ஆகலீங்களே சாமி! கணக்கெல்லாம் மறுவாரமே கரெட்டா வந்துதுங்களே! இந்த வருசம் மட்டும் எப்படிங்க செத்துச்சு?”

உர்ரென்ற சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. சென்னிமலை எழுந்து போய் ஏ.சி. சுவிட்சை அணைத்தார். அந்தச் சத்தமும் நின்றது.

கண்ணுசாமி தன் செருப்பைத் தேடினான்.

போலீஸ் வந்து இறங்குவதற்குள் திருப்புளி தன் வேலையை முடித்திருந்தது. பெட்டிக்குள்ளே, எடைக்காக அடுக்கிய பன்னிரண்டு செங்கற்கள், மூன்று வருடம் தவறாமல் குளித்ததில் பளிச்சென்று இருந்தன.

உங்கள் ஊர் அலுவலகத்திலும், எத்தனை குளித்தாலும் சளியே பிடிக்காத மெஷின் ஏதாவது இருக்கிறதா? ஒரு கார்டு வாங்கி எழுதிப் போடுங்கள்.