சிரிப்புச் சாட்சி

"துலுக்காணம், இன்னிக்கு ஒருத்தர் பாக்கியில்லாம சிரிக்கணும்டா. ஊரே உன்னை நம்பிக்கினு இருக்குது," என்றார் கோவர்த்தனன் வாத்தியார். சொல்லிவிட்டும் போகாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

கூத்தில் கட்டியங்காரனாக வந்து ஊரைச் சிரிக்க வைக்கிற துலுக்காணம், பட்டப்பகலில் முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருந்தான். "இன்னா வாத்தியாரே, சாவு வூட்ல நிக்கறாப்ல நிக்கற? சிரிக்க வைக்கறது என் பாடு. நீ போயி உக்காரு."

வாத்தியாருக்கு அது சாவு வீடுதான். ஆந்திர ராஜ்யம் பிரிந்து மூன்று வருஷமாக, புத்தூர்ப் பக்கத்து இந்தச் சின்ன ஊர் எந்தப் பக்கம் என்று இழுபறி. தெலுங்கு ஊர் என்று முடிவானால் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. பதினெட்டு வருஷமாக அதை ஒற்றை ஆளாகக் கட்டிக்கொண்டு அழுகிறவர் அவர்.

விசாரணைக்கு வந்திருந்த வடக்கத்தி அதிகாரி அன்று காலையில்தான் வீடு வீடாகப் போனார். சித்தூர் குமாஸ்தா நாகையா கேள்வி கேட்பதும், பதிலை இங்கிலீஷில் சொல்வதுமாகக் கூடவே நடந்தார். ஒரு வீட்டிலும் பதில் உருப்படியாக வரவில்லை.

"வூட்ல தமிழ்தான் சாமி," என்றான் எத்திராஜ். "சந்தைக்குப் போனா தெலுங்கு. மாடு ஓட்டறதுக்கும் தெலுங்கு. பொண்டாட்டிகூட சண்டைன்னா ரெண்டும்."

அதிகாரி பேனாவை மூடிவிட்டார். வாத்தியார் ஓடினார். குறுக்கே போய் நின்றார்.

"பேச்சை நம்பாதீங்க அய்யா. எந்த பாஷையும் பேசலாம், சிரிப்பு மட்டும் சொந்த பாஷையிலதான் வரும். எங்க கட்டியங்காரன் பேசறப்ப எங்க ஜனம் சிரிக்கறதைப் பாருங்க. ஒருத்தர் சிரிக்கலைன்னாலும் தெலுங்குன்னே எழுதிக்குங்க!"

துலுக்காணத்தின் கூத்தை வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து அவர் கண்டுபிடித்த சித்தாந்தம் அது. நாகையா சொல்லக் கேட்ட அதிகாரி, கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினார்.

புளியமரத்தடியில் ஊர் கூடியது. துலுக்காணம் ஒரு கயிற்றோடு குதித்து வந்தான்.

"ராஜா உத்தரவு! எல்லை பிரிக்கறோம்!" என்று கயிற்றைத் தன் உச்சந்தலையிலிருந்து காலிடுக்கு வரைக்கும் தொங்கவிட்டான். "இந்தக் காலு மெட்ராஸு. இந்தக் காலு ஆந்திரா."

உடனே இரண்டு காலும் ஆளுக்கொரு பக்கம் ஓடப் பார்த்தன. ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவியது. "அய்யய்யோ, வேட்டி எந்த ராஜ்யம்டா!" என்று அலறிக்கொண்டே மல்லாக்க விழுந்தான்.

சந்திரம்மா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். எத்திராஜ் தரையில் உருண்டான். மொழிபெயர்க்க வேண்டிய நாகையாவே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அதிகாரியும் நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாத்தியார் மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சிரிக்காத முகம் ஒன்றுகூட இல்லை. பள்ளிக்கூடம் பிழைத்தது என்று கண்ணில் நீர் முட்ட, அதிகாரியின் எதிரில் போய்க் கைகூப்பினார்.

"பாத்தீங்களா அய்யா? ஒருத்தர் பாக்கியில்ல!"

அதிகாரி பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. நாகையாவின் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். நாகையாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது.

"இன்னா சொல்றாரு?"

"தமிழ்ல எனக்கு ஒரு வார்த்தை தெரியாது, நானும்தானே சிரிச்சேன்னு கேக்கறாரு, வாத்தியாரே."