பேய் வாரத்தில் ஒரு சிரிப்புப் படம்

அந்த நூலகத்தில் வாரம் ஒரு தலைப்பு வைத்துப் படங்களைச் சிபாரிசு செய்வார்கள். அது பேய் வாரம். அட்டையில் பாழடைந்த பங்களாவைப் பார்த்த ஊழியர் செண்பகவல்லி, ஒரு சிரிப்புப் பட டிவிடியையும் அந்த மேசையில் வைத்துவிட்டாள்.

"எடுத்துட்டுப் போறவங்க வயிறு குலுங்கச் சிரிக்கப் போறாங்க, பாருங்கண்ணே" என்று பக்கத்திலிருந்த பழைய பேய்ப் படத்திடம் பீற்றிக்கொண்டது அது.

வீடு வீடாகப் போய்த் திரும்பியதும் அது பேய்ப் படத்தை ஒட்டிக்கொண்டது.

"யாருமே சிரிக்கலண்ணே. கதவு திறக்கிற காட்சியில எல்லா வீட்டுலயும் வீல்னு கத்துறாங்க. என் கதையில கதவுக்குப் பின்னாடி யாருமே கிடையாதே!"

"விடு தம்பி. அடுத்தது சிரிப்பு வாரம். அந்த மேசைக்குப் போனா சரியாயிடும்."

"எப்படிண்ணே போவேன்? கதவுக்குப் பின்னாடி வந்து நின்னவ, இன்னும் போகமாட்டேங்கிறாளே."